சீரியலின் தலையில் கட்டிய பழி

மேடை ஏறுகிறவர்களிடம் ஒரு வழக்கம் படிந்துவிட்டது. புத்தக வெளியீடோ, பள்ளி ஆண்டு விழாவோ, கிராமியக் கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் நிகழ்ச்சியோ, பேச்சின் நடுவில் எங்காவது ஓரிடத்தில் தொலைக்காட்சியை ஒரு பிடி பிடித்தாக வேண்டும். அந்தக் காலத்தில் அந்தி சாய்ந்தால் ஊரே கோயில் திடலில் கூடுமாம், நாயனம், கூத்து, பஜனை என்று விடிய விடியக் களைகட்டுமாம், இப்போது ஆறு மணிக்கு சீரியல் முன்னால் உட்காருகிற பெண்கள் பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறார்களாம், கலை செத்துவிட்டதாம். கைதட்டல் எழுகிறது. கீழே உட்கார்ந்திருக்கும் பெண்களும் சிரித்துக்கொண்டே தட்டுகிறார்கள். சாட்சி விசாரணை எதுவும் இல்லாமல் வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

கொஞ்சம் விசாரித்துப் பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டு நிற்காது. கூத்தும் நையாண்டி மேளமும் ஸ்பெஷல் நாடகமும் நொடித்திருப்பது உண்மை. ஆனால் அதற்கான காரணங்களில் சிலவற்றுக்குக் காவல் நிலைய முத்திரை இருக்கிறது, சிலவற்றுக்கு அரசிதழ் எண் இருக்கிறது, சிலவற்றுக்கு விழாக் கமிட்டியின் வரவு செலவு நோட்டில் வரி வரியாகக் கணக்கே இருக்கிறது. அவற்றைப் பேசினால் யாராவது ஒருவருக்குக் கோபம் வரும். டிவி பெட்டிக்குக் கோபம் வராது. பழி அதன் தலையில் ஏறியதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

இந்தப் பழிக்கு முன்பு வேறு தலைகளும் இருந்தன. 1931 அக்டோபர் 31இல் ‘காளிதாஸ்’ திரைக்கு வந்தது. தமிழ் பேசிய முதல் படம். அடுத்த சில ஆண்டுகளில், சங்கரதாஸ் சுவாமிகளின் வழியில் வளர்ந்த நாடகக் கம்பெனிகளின் நடிகர்கள் ஒருவர் பின் ஒருவராக ஸ்டுடியோ வாசலுக்குப் போனார்கள். நாடகத்தை சினிமா கொன்றது என்ற புலம்பல் அப்போதே கேட்டது. அதற்கும் முன்னால் கிராமபோன் தட்டின் மேல் குறை சொன்னார்கள். 1930இல் சென்னை மாநகராட்சி வானொலி ஒலிபரப்பைத் தொடங்கி, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டி மாலை நேரத்தில் பாட்டுப் போட்டது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், அடுத்த ஆண்டு திருச்சி நிலையமும் வந்தன. வீட்டிலேயே கச்சேரி கேட்க முடியும் என்றால் சபாவுக்கு யார் வருவார்கள் என்று அன்றைக்குக் கவலைப்பட்டவர்கள் உண்டு. நடந்தது நேர்மாறு. சங்கீதக்காரர்களுக்கு மாதச் சம்பளம் தந்து நிலைய வித்வான்களாக வைத்துக்கொண்ட நிறுவனம் வானொலிதான். ரேடியோவில் பெயர் கேட்டு, அந்தப் பெயருக்காக சபாவில் டிக்கெட் வாங்கிய கூட்டமும் அதனால்தான் வளர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நாடகத்தைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட சினிமா, டூரிங் டாக்கீஸ் வடிவத்தில், இன்றைக்குக் கண்ணீர் மல்க நினைவுகூரப்படுகிறது. மணல் குவித்து உட்கார்ந்து படம் பார்த்ததைப் பற்றி எழுதாத எழுத்தாளர் அந்தத் தலைமுறையில் குறைவு. அந்த டாக்கீஸைக் கொன்றது டிவி என்று அடுத்த குற்றப்பத்திரிகை. இப்போது அந்த டிவியும் ஏக்கத்துக்குரிய பட்டியலில் சேர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கத் தெருவே ஒரு வீட்டுத் திண்ணையில் கூடியது அல்லவா, அந்த ஒற்றுமை இன்று எங்கே, எல்லாரும் ஆளுக்கொரு செல்போனோடு மூலையில் கிடக்கிறார்களே என்று கேட்கிறார்கள். நேற்றைய கொலைகாரன் இன்றைக்குப் பலியானவன். குற்றச்சாட்டின் வாசகம் மட்டும் எழுத்து மாறாமல் நிற்கிறது.

சரி, டிவி வருவதற்கு முன்பு இருந்ததாகச் சொல்லப்படும் அந்த மாலை எப்படி இருந்தது? சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் வந்தது. சன் டிவி 1993 ஏப்ரல் 14இல். அதற்கு முந்தைய கிராமத்தில் கூத்து எத்தனை நாள் நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. தொண்டை மண்டலத்தின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடப்பது திருவிழாக் காலத்தில். பங்குனி, சித்திரை, வைகாசி. அதிகம் போனால் ஆடி வரை. ஓர் ஊருக்குப் பத்து இரவு கூத்து நடந்தால் அது பெரிய திருவிழா. பணமில்லாத ஊரில் அதுவும் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான். தெற்கே ‘வள்ளி திருமணம்’ ஸ்பெஷல் நாடகமும் அப்படித்தான்: கோயில் கொடையோ பொங்கலோ வந்தால் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று தனித்தனியாக ஆள் பேசி, அச்சாரம் கொடுத்து, ஓர் இரவு. வருடத்தின் மீதி முந்நூற்றுச் சொச்சம் மாலைகளில் என்ன நடந்தது? மண்ணெண்ணெய் விளக்கு, சீக்கிரம் சோறு, சீக்கிரம் படுக்கை. ஆண்களுக்குத் திண்ணை, டீக்கடை, அவ்வப்போது கட்சிக் கூட்டம். நாகூர் ஹனீபா பாடி முடித்த பிறகுதான் பேச்சாளர் மைக்கைப் பிடிப்பார். பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளுக்குத் தம்பிகளோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். அந்தத் தம்பிகளில் ஒருவர் பின்னாளில் இளையராஜா. இலவசமாகக் கிடைத்த இசை மாலைகளில் அவை முக்கியமானவை. அங்கேயும் கூட்டத்தில் பெரும்பகுதி ஆண்கள்தான்.

டிவி வந்து நிரப்பியது அந்த வெறும் மாலைகளைத்தான். திருவிழா இரவோடு அது போட்டி போடவே இல்லை. தினமும் வருகிற ஒன்றையும் வருடத்துக்கு ஒருமுறை வருகிற ஒன்றையும் தராசின் இரண்டு தட்டில் வைத்து, தினமும் வருவது கனமாக இருக்கிறதே என்று குறைபட்டு என்ன பயன்?

ஊரே கூடியது என்ற பேச்சுக்கு வருவோம். எந்த ஊர்? மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் அ. வைத்தியநாதய்யர் தலைமையில் நுழைந்தது 1939 ஜூலை 8இல். சென்னை மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவு அதிகாரச் சட்டம் வந்தது 1947இல். அதுவரை கோயில் பிரகாரத்தில் மாலை வேளையில் வாசிக்கப்பட்ட நாயனத்தை ஊரின் ஒரு பகுதி மதிலுக்கு வெளியே நின்றுதான் கேட்டது. சாமி புறப்பாடு சேரிப் பக்கம் திரும்பாது. பறை அடிக்கிறவரே அந்த மேளத்தைப் பந்தலில் உட்கார்ந்து கேட்க முடியாது. சட்டம் வந்த பிறகும் நிலைமை ஒரே நாளில் மாறிவிடவில்லை. கூத்துத் திடலில் யார் எந்தப் பக்கம் உட்காருவது என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. கலை மாலையை இழந்துவிட்டோம் என்று பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும்: அந்த மாலை கிடைக்கவே பெறாதவர்கள் எதை இழந்தார்கள்? 2006இல் தொடங்கி ஐந்தாண்டுகளில் தமிழ்நாடு அரசு ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்தது. அதன் அரசியலை எப்படியும் விமரிசிக்கலாம். ஆனால் காலனி வீட்டுக்கும் அக்ரகாரத்து வீட்டுக்கும் ஒரே நேரத்தில், ஒரே தூரத்தில், ஒரே கச்சேரியைக் கொண்டுவந்து வைத்த முதல் மேடை அந்தப் பெட்டிதான்.

அடுத்த சாட்சி அடுப்படி. சீரியல் பார்க்கும் பெண்தான் இந்த வழக்கின் நிரந்தரக் குற்றவாளி. மத்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? நாடு முழுக்க, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஆண்களில் அந்த வேலைகளில் கை வைப்பவர்களே நான்கில் ஒருவர்தான். அவர்களும் செலவிடுவது 97 நிமிடம். அந்த ஐந்து மணி நேரத்தின் கனத்த பகுதி விழுவது மாலையில்தான். குழந்தைகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரம், கணவர் திரும்பும் நேரம், மாவு அரைக்கும் நேரம், தோசை வார்க்கும் நேரம். கச்சேரிக்கோ கூத்துக்கோ போக வேண்டுமென்றால் கால் வேண்டும், காசு வேண்டும், திரும்பி வரப் பஸ் வேண்டும், இரவு பத்து மணிக்குத் தனியாக வருகிறவளைக் கேள்வி கேட்காத தெருவும் வேண்டும். சீரியலுக்கு இதில் எதுவும் தேவையில்லை. கண் பாதி திரையில் இருந்தாலும் போதும், கை வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருக்கலாம். 1999இல் ‘சித்தி’ தொடங்கியபோதும், அதற்குப் பின்னால் ‘மெட்டி ஒலி’ வந்தபோதும் தமிழ்ப் பெண்கள் ஏதோ கச்சேரி டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்து உட்காரவில்லை. அவர்களை வீட்டில் உட்கார வைத்த விஷயங்கள் சன் டிவியைவிட வயதில் ரொம்ப மூத்தவை.

இதற்குப் பரிசோதனை வேண்டுமா? தமிழ்நாட்டில் அது நடந்தே முடிந்திருக்கிறது. 2008க்குப் பின் சில ஆண்டுகள், குறிப்பாக 2012இல், சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் மாவட்டங்கள் தவித்தன. மாலை நேரத்தில் டிவி இருண்டு கிடந்தது. குற்றச்சாட்டு சரியென்றால், தடை விலகியதும் கூத்து திரும்பி வந்திருக்க வேண்டும். கும்மிப் பாட்டு தெருவில் கேட்டிருக்க வேண்டும். வந்ததா? ஜனங்கள் விசிறியோடு மொட்டை மாடிக்கும் வாசலுக்கும் போனார்கள், கொசு அடித்தார்கள், மின்வாரியத்தைத் திட்டினார்கள். காலியான மாலையில் கலை தானாக முளைத்துவிடாது. அதற்கு ஆள், பணம், இடம், அனுமதி நான்கும் வேண்டும்.

அனுமதி என்றதும் பேச வேண்டிய கதை நீளமானது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், திருவிழா சீசன் வந்தால் ஒரு குறிப்பிட்ட வகை மனு குவியும். கோயில் திருவிழாவில் ‘ஆடல் பாடல்’ நிகழ்ச்சி நடத்தக் காவல்துறை அனுமதி மறுக்கிறது, அனுமதி கொடுக்க உத்தரவிடுங்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்கும் மனு. நீதிமன்றம் அனுமதி கொடுக்கும்போது நிபந்தனைகளையும் அடுக்கும்: ஆபாச நடனம் கூடாது, சாதியையோ கட்சியையோ தலைவரையோ பாடும் பாட்டு கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும். இந்த நிகழ்ச்சிகளின் தரம் பற்றி யாருக்கும் எந்த அபிப்பிராயமும் இருக்கலாம். ஆனால் இந்த மனுக்களின் பொருளைக் கொஞ்சம் யோசியுங்கள். சீரியலை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள் என்று மேடையில் ஏசப்படும் அதே கிராமத்துக்காரர்கள், தலைக்கட்டு வரி வசூலித்து, வக்கீல் பீஸ் கட்டி, மதுரை வரை பஸ் ஏறிப் போய், ஒரே ஒரு மாலை நேரடியாக ஆட்டமும் பாட்டும் பார்க்க நீதிபதியின் உத்தரவு வாங்கி வருகிறார்கள். நேரடிக் கலைமேல் இவ்வளவு ஆசை வைத்த சமூகத்தை சோம்பேறி ரசிகர் கூட்டம் என்று சொல்ல நாக்கு எப்படித்தான் வருகிறதோ.

இதைவிட நேரடியான அடி கூத்துக்கு விழுந்தது. ஒலி மாசு கட்டுப்பாட்டு விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தன. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் கொடுத்த தீர்ப்பு அதை உறுதிப்படுத்தியது. இந்த விதிக்கு நியாயம் இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, படுக்கையில் கிடக்கும் முதியவர், மறுநாள் முதல் ஷிப்டுக்குப் போகிறவர் எல்லாருக்கும் தூக்கம் வேண்டும். ஆனால் தெருக்கூத்தின் கடிகாரத்தையும் இந்த விதியின் கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூத்தில் களரி கட்டி, கட்டியங்காரன் வருவதே இரவு ஒன்பது, பத்து மணிக்கு. கர்ணனோ துரியோதனனோ விழுவது விடியற்காலையில். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் பபூன் பாட்டுப் பாடி முடிக்கும்போதே பதினொன்று தாண்டிவிடும். ஆக, சட்டம் உறங்கச் சொல்லும் எட்டு மணி நேரம் எதுவோ, அதுதான் இந்தக் கலைகளின் முழு மேடை. மைக் இல்லாமலும் ஒரு காலத்தில் கூத்து நடந்ததே என்று கேட்கலாம். நடந்தது. அப்போது ஊரைச் சுற்றி மோட்டார் ஓடவில்லை, பக்கத்துச் சாலையில் லாரி போகவில்லை, பார்வையாளர்களும் ஒரு தெரு அளவில்தான் இருந்தார்கள். சில காலமாகக் கூத்துக் குழுக்கள் நாடகத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கிக் கட்டப் பழகியிருக்கின்றன. அதற்கு சீரியலின் நேர அட்டவணையைக் காரணம் காட்டுவது எளிது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த நேரம் என்ன என்று கேட்டுப் பார்த்தால் தெரியும்.

நாடகத்தின் கதை இன்னும் பழையது. எம்.ஆர். ராதாவின் மேடை அனல் கக்கிய காலத்தில், 1954இல், நாடக நிகழ்ச்சிகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து, அவர்கள் வாசித்து, ஆட்சேபம் இல்லை என்று சொன்ன பிறகுதான் திரை விலக வேண்டும். எழுத்தாளர் ஞாநி வழக்குத் தொடுத்து, சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் விதிகளைச் செல்லாதென அறிவித்தது 2013இல். ஏறத்தாழ அறுபது ஆண்டு. அந்த அறுபது ஆண்டில் சீரியல் இயக்குநர் எவரும் தன் கதையை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கப் போய் நின்றதில்லை.

பணக் கணக்குக்கு வந்தால் எதிராளி இன்னும் தெளிவாகத் தெரிவான். ஊர் விழாவில் கரகாட்டத்தோடு வரும் நையாண்டி மேளக் குழுவின் இடத்தைப் பிடித்தது எது? டிவி பிடிக்கவில்லை. பல ஊர்களில் அந்த இடத்துக்கு வந்தது கேரளத்துச் செண்டை மேளம். கல்யாண ஊர்வலம், கோயில் கொடை, கட்சித் தலைவர் வரவேற்பு, கடைத் திறப்பு எல்லாவற்றுக்கும் வேட்டி கட்டிய செண்டைக் குழுவை வரிசையாக நிறுத்துவது ஒரு மோஸ்தராகிவிட்டது. நையாண்டி மேளக் கலைஞர்கள் இதைப் பற்றி ஆண்டுக் கணக்கில் முறையிட்டு வருகிறார்கள். இன்னொரு பக்கம் டிஜே. எட்டுப் பேர் வரும் மேளத்துக்குச் சம்பளம், சாப்பாடு, வண்டி வாடகை என்று ஆகும் செலவில், இரண்டு ஸ்பீக்கர் அடுக்கோடு ஒரு பையன் வந்து இரவு முழுக்க வேலையை முடித்துக் கொடுத்துவிடுவான். மேளக்காரரின் பிழைப்பில் கை வைத்தது இந்தக் கணக்கு. விழாக் கமிட்டியில் இருக்கும் பெரிய மனிதர்தான் அந்தக் கணக்கைப் போடுகிறவர்; மறுவாரம் கலை நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்கி டிவியைத் திட்டுகிறவரும் பெரும்பாலும் அவரேதான்.

அரசும் இதில் சுத்தம் இல்லை. 2007 பொங்கலுக்குச் ‘சென்னை சங்கமம்’ தொடங்கியபோது, பூங்காக்களிலும் தெருமுனைகளிலும் பறையாட்டமும் தேவராட்டமும் கரகமும் நடந்தன. சென்னைவாசிகள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். அந்த மாலைகளில் அவர்கள் வீட்டு டிவியில் சீரியல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் அதற்காகத் திரும்பிப் போகவில்லை. 2011 ஆட்சி மாற்றத்துக்குப் பின் விழா நின்றது. 2023 பொங்கலுக்கு, விழாவைத் தொடங்கியபோது ஆண்ட கட்சியே மறுபடி ஆட்சியில் இருந்தபோது, விழாவும் திரும்பியது. இடையில் பத்து ஆண்டுக்கும் மேலாகச் சென்னைக்கு அந்தத் தெருக் கச்சேரி இல்லாமல் போனதற்கு எந்தச் சேனலைப் பொறுப்பாக்குவது?

டிவி பறித்த கணக்கை மட்டும் வாசிக்கிறவர்கள், அது கொடுத்த கணக்கையும் வாசிக்கலாம். புதுக்கோட்டைப் பக்கத்துச் செந்தில் கணேஷும் அவர் மனைவி ராஜலட்சுமியும் ஆண்டுக் கணக்காக ஊர் மேடைகளில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடியவர்கள். 2018இல் விஜய் டிவியின் ‘சூப்பர் சிங்கர்’ பட்டத்தைச் செந்தில் வென்ற பிறகு அவர்கள் போகாத தமிழ் ஊர் இல்லை. கடல் கடந்தும் அழைப்பு வந்தது. டிவி புகழ் நேரடி மேடையைத்தான் நிரப்பியது. கொல்லங்குடி கருப்பாயியை வயல்காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது வானொலி. பிறகு ‘ஆண் பாவம்’ படம் அவரை ஊரறியச் செய்தது. பட்டிமன்றம் கோயில் திருவிழாவிலும் கம்பன் கழகத்திலும் இருந்த சரக்கு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சாலமன் பாப்பையா திரையில் வர ஆரம்பித்த பிறகு அது ஒழிந்தா போனது? விழா வைக்கும் ஊரெல்லாம் பட்டிமன்றம் கேட்கிறது. கிரேஸி மோகனின் ‘கிரேஸி கிரியேஷன்ஸ்’ நாடகக் குழு தொடங்கியதே 1979இல், சென்னைக்கு டிவி வந்து நான்கு ஆண்டு கழித்து. அந்தக் குழுவின் நாடகங்களுக்கு நூற்றுக்கணக்கான முறை அரங்கு நிறைந்தது.

டிவியை முழுக்க நல்ல பிள்ளையாக்க வேண்டியதும் இல்லை. சினிமாப் பாட்டைத் தவிர வேறு இசை உலகில் இல்லை என்பதுபோல் சேனல்கள் நடந்துகொள்வது நிஜமான குற்றம். பாட்டுப் போட்டிக்கு வரும் குழந்தை, பத்து வாரத்தில் ஒரே ஒரு வாரம் நாட்டுப்புறச் சுற்றில் பாடினால் உண்டு. சிற்றூர்த் திரையரங்குகள் கல்யாண மண்டபங்களாக மாறியதில் கேபிளுக்குக் கணிசமான பங்கு இருக்கிறது. மிகைநடிப்பும் பழிவாங்கலுமாக இழுக்கும் கதைகளைச் சலிக்காமல் கொடுப்பதற்காக சீரியல்காரர்களைத் தாராளமாகத் திட்டலாம். ரசனையைக் கெடுத்தார்கள் என்று சொல்லுங்கள். மாலையைத் திருடினார்கள் என்பது வேறு வழக்கு, அதற்கு ஆதாரம் இல்லை.

ஆதாரம் எதிர்த் திசையில்தான் கொட்டிக் கிடக்கிறது. சென்னை மார்கழி சீசன் இன்றைய அகலத்துக்குப் பரவியது டிவி யுகத்தில்தான். 1928இல் பிறந்த மியூசிக் அகாடமியின் வாசலில் மட்டும் நின்ற சீசன் அல்ல இது. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் தெருவில் கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையில் ஏறின. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் முறையாகப் பாடியபோது கானாவையும் ஒப்பாரியையும் கேட்க இளைஞர்கள் மைதானத்தை நிரப்பினார்கள். 2020இலிருந்து ‘மார்கழியில் மக்களிசை’ நடக்கிறது. இவர்களில் யாருடைய வீட்டில் டிவி இல்லை? எல்லார் கையிலும் போனும் இருந்தது.

2023 செப்டம்பர் 10இல் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பனையூரில் ஏ.ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நடந்த இரவைச் சென்னை மறக்கவில்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களில் ஏராளமானோர் நெரிசலில் சிக்கி, உள்ளே நுழையவே முடியாமல் திரும்பினார்கள். போக்குவரத்தில் முதலமைச்சரின் வாகனமே மாட்டிக்கொண்டது. ரகுமான் வருத்தம் தெரிவித்தார். 2024 பிப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் கச்சேரிக்குத் திரண்ட கூட்டம் தடுப்புகளை மீறி உள்ளே புகுந்து, நிகழ்ச்சியே தடைப்பட்டது. இரண்டு இடத்திலும் பிரச்சினை ஆள் வராதது இல்லை. வந்த ஆளுக்கு வழியும் இடமும் ஒழுங்கும் இல்லாததுதான்.

நட்சத்திரக் கச்சேரிக்கு வரும் கூட்டம் நம் ஊர் நாயனத்துக்கு வருமா என்பது நேர்மையான கேள்வி. அதே அளவில் வராது. ஒருகாலத்திலும் வந்ததில்லை, காருகுறிச்சி அருணாசலத்துக்கு வந்த கூட்டம் பக்கத்து ஊர் நாயனக்காரருக்கு அன்றைக்கும் வரவில்லை. ஊர்க் கலைஞருக்குத் தேவை லட்சம் பேர் இல்லை. முந்நூறு பேர், எட்டுகிற தூரத்தில் ஓர் இடம், ஒன்பதரைக்குள் முடியும் நிகழ்ச்சி, அதற்கப்புறமும் ஊருக்குப் போக ஒரு பஸ். மாநகராட்சிப் பள்ளி மைதானங்கள் மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படுகின்றன. சமுதாயக் கூடம் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கிடைக்கும். பறைக் குழு கேட்டால் விண்ணப்பம் மேசை மேசையாக நகரும். இந்தப் பூட்டுகளின் சாவி எந்தத் தொலைக்காட்சி நிறுவனத்திடமும் இல்லை.

ஒலி மாசு விதிகளிலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. கலை, சமய விழாக்களுக்காக ஆண்டுக்குப் பதினைந்து நாள் வரை இரவு பத்திலிருந்து பன்னிரண்டு மணி வரை ஒலிபெருக்கியை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. எந்தெந்த நாள் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பதினைந்து நாளில் சிலவற்றை வட மாவட்டங்களில் பாரதக் கூத்துக்கும், மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்துக்கும் ஒதுக்கும்படி கேட்கலாம். அடுத்த விழா மேடையில் சீரியலைத் திட்ட மைக்கைப் பிடிக்கும் பெரியவர்கள், அந்த மேடையிலேயே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அமைச்சரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் இந்த ஒன்றைக் கேட்டுவிட்டுக் கீழே இறங்கட்டும்.